இருபத்தைந்து வயசுச் சட்டை

ஒரு காலத்திலே வெள்ளாங்குறிச்சிச் சீமையை வீரவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். கை தாராளம், சாப்பாடு அதைவிடத் தாராளம். ஆனால் காலையில் ஒரு நினைப்பு, மத்தியானம் ஒரு நினைப்பு. கடைசியாக யார் காதில் பேசினாரோ அவர் சொன்னதுதான் ஆணை.

வருஷாவருஷம் பட்டாபிஷேக நாளன்று, இருபத்தைந்து வயதில் முடி சூடியபோது போட்ட அதே சரிகைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சபைக்கு வருவார். அவருக்கு ஐம்பத்தைந்து ஆன வருஷம், ராணி வடிவம்மை பயந்து பயந்து கேட்டாள், இந்தத் தடவை கொஞ்சம் தொளதொளவென்று வேறே தைக்கச் சொல்லலாமா என்று. அவ்வளவுதான், ராஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாட்டிலே இரண்டாம் தடவை சோறு வாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரண்மனை அதிகாரி சிங்கராயனுக்கு இது போதும். மந்திரி மயிலேறியின் ஆசனத்தின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

"மகாராஜா, உங்களுக்கு எங்கே வயசாயிற்று? பக்கத்திலே தொப்பையும் தொளதொள வேட்டியுமாக மந்திரி உட்கார்ந்திருக்கிறாரே, அந்த நிழல் உங்கள்மேல் விழுகிறது. அதுதான் சங்கதி" என்றான்.

ராஜாவுக்கு இனித்தது. உடனே ஆணை போட்டார்: பட்டாபிஷேக நாளில் சபையார் எல்லாரும் தங்களுடைய இருபத்தைந்து வயதில் எதை உடுத்தினார்களோ அதையே உடுத்தி வரவேண்டும். முடியாதவர் பதவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மந்திரிக்கு அறுபது தாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். அகப்பட்ட சட்டை ஒன்றிலும் தோள்கூட நுழையவில்லை. பதவி போனால் இந்த வீடும் போகும், வயலும் போகும். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி பேச்சி, கலைந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள், "ஏங்க, இதெல்லாம் நீங்க மந்திரியான பிறகு தைச்சது. இருபத்தஞ்சு வயசுல உங்ககிட்ட ஏது சட்டை?"

மந்திரி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

பட்டாபிஷேக நாள் வந்தது. சபையைப் பார்க்கணுமே. சேனாபதி கட்டி வைத்த கரும்பு மாதிரி விறைத்து நின்றார். பொக்கிஷக்காரர் பேசினால் தையல் விட்டுவிடும் என்று வாயையே திறக்கவில்லை. ராஜாவின் சட்டையை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, மூன்றாவது ஆள்தான் பொத்தான் மாட்டினானாம். உட்கார முடியாததால் ராஜா நின்றார். ராஜாவே நிற்கும்போது மற்றவர்கள் எப்படி உட்காருவது? சிங்கராயன் மட்டும் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி இருந்தான்.

மந்திரி ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். நடுச்சபையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போர்வையை எடுத்தார். உள்ளே ஒரு கோவணம். வேறு ஒன்றுமில்லை.

திரைக்குப் பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சபைக்கு அவமானம். இவரை வெளியே தள்ளணும்" என்றான் சிங்கராயன். தூணை விட்டு மட்டும் நகரவில்லை.

மந்திரி ராஜாவைப் பார்த்துச் சொன்னார்: "மகாராஜா, இருபத்தைந்து வயதில் நான் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் உடுப்பு இதுதான். ஆணைப்படி வந்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சபையிலே இன்றைக்கு மூச்சு விடுகிறவன் நான் ஒருத்தன்தான்."

ராஜா சிரிப்பை அடக்கப் பார்த்தார். அடக்க அடக்க வயிறு குலுங்கிற்று. பட்டென்று ஒரு பொத்தான் தெறித்தது. அடுத்தது. மூன்றாவது போய்ச் சிங்கராயன் நெற்றியில் பட்டது. சரிகைச் சட்டை மேலிருந்து கீழ்வரை பிரிந்து தொங்கிற்று.

இனி யார் தலை உருளப்போகிறதோ என்று எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ராஜாவோ விடிந்ததிலிருந்து விடாத மூச்சை ஒரே மூச்சாக விட்டார். அப்பாடா என்று சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். பிறகு சின்னக் குரலில் கேட்டார்.

"மயிலேறி, அப்போ நான் கிழவன்தானா?"

"வயசாயிற்று மகாராஜா. பொய் சொல்ல மாட்டேன். முடி சூடின அன்றைக்கு உங்களைப் பார்த்துச் சட்டை தைத்தார்கள். இப்போது நீங்கள் சட்டையைப் பார்த்து வயிற்றை எக்குகிறீர்கள். இன்றைக்கும் உங்களைப் பார்த்தே தைக்கச் சொல்லுங்கள், தீர்ந்தது."

"இனிமேல் எனக்கு உடுக்க வெள்ளையும் காவியும்தானா?"

"அது யார் சொன்னது? மாங்காய் பழுத்தால் நிறம் கூடத்தானே செய்கிறது."

ராஜா முகம் தெளிந்தது. உன் ஆசனம் உனக்குத்தான் என்று சொல்லித் தன் பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். பிறகு சிங்கராயனைக் கிட்டே வந்து வணங்கச் சொன்னார். அவன் இங்கிருந்தே வணங்குகிறேன் என்றான். விடுவாரா? சேனாபதி அவன் கையைப் பிடித்து இழுத்தார். பார்த்தால் சட்டை முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிந்திருக்கிறது. காலையிலேயே கிழிந்ததாம்.

"சபையார் எல்லாருக்கும் புதுச்சட்டை தைக்கப்போகிறோம். தையல்காரர் கூடவே போய் அளவு நூலை நீ பிடி. மந்திரி தொப்பையிலிருந்து ஆரம்பி" என்றார் ராஜா.

அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டு வந்தது. அதிலே மாம்பழ நிறத்தில் தொளதொளவென்று ஓர் அங்கி. ராஜா போட்டுப் பார்த்தார், கச்சிதம். அளவு யார் கொடுத்தது என்று கேட்டார்.

"மத்தியானத் தூக்கத்திலே நானே எடுத்தேன். குறட்டை விடும்போதுதான் வயிற்றை எக்காமல் இருக்கிறீர்கள்" என்றாள் ராணி உள்ளிருந்து. சபை முழுக்கச் சிரித்தது. சிரித்ததில் இன்னும் நாலைந்து சட்டை கிழிந்தது.

விருந்துக்கு எல்லாரையும் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து சாப்பிட வசதியாக உடுத்தி வரச் சொன்னார் ராஜா. மேலே ராஜாவின் சால்வையும் கீழே கோவணமுமாக மந்திரி வீடு வந்து சேர்ந்தார். பேச்சி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வேலை இருக்கா, போச்சா?"

"இருக்கு. முதல்ல வேட்டியை எடு."