நாலாம் குரலுக்கு ஆள் பிடித்த கதை

முக்குழிவிளை சபையின் பாடகர் குழுவில் நாங்கள் நாலு பேர். அதில் விவரமானவன் நான்தான். மற்ற மூவர் எப்படி என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தலைவர் அருமைநாயகம் அண்ணாச்சி. கணீரென்ற குரல், என்ன, பாட்டு ஒரு பக்கம் போனால் குரல் இன்னொரு பக்கம் போகும். அடுத்து தங்கஞானம் அக்கா. அவர் மேல் ஸ்தாயிக்குப் போனால் கோயில் புறாக்கள் வெளியே போய்விடும். மூன்றாவது செல்வசிங், அடிக்குரல்காரர், பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நாலாவது ஆசீர் என்கிற நான். எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. குழுவில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது, மேடையில் ஒரு வரி பாட விட்டதில்லை. பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பேன், ஃபேன் போடுவேன், மைக்கில் 'ஹலோ, ஹலோ' சொல்லிப் பார்ப்பேன். அந்த ஹலோவிலேயே சுருதி இல்லை என்று அக்கா சொல்லிவிட்டார்.

ஆசை யாரை விட்டது? கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை மேடையில் நின்று பாட வேண்டும், அதை என் மனைவி செல்லக்கனி முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஆசையிலும் அந்த வருஷம் மண் விழப் பார்த்தது. சுற்று வட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்த சேகரத்தின் பாட்டுப் போட்டியில் மூன்று வருஷமாக நாங்கள்தான் கடைசி. இந்தத் தடவையும் கடைசி என்றால் குழுவைக் கலைத்துவிட்டு, எல்லாக் குரலிலும் தானே பாடுகிற கீபோர்டு ஒன்றை வாங்கி வைப்பது என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. குழுவே இல்லையென்றால் நான் எங்கே போய்ப் பாடுவது?

போட்டிக்குப் புதிதாக இரண்டு விதிகள் வேறு. பாட்டைக் கம்ப்யூட்டரில் நொட்டேஷனாக, அதாவது சுரக் குறிகளாக, அடித்து நடுவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தாளில் இருக்கிற ஒவ்வொரு குறியையும் விடாமல் நிறைவேற்ற வேண்டும். விட்டால் மதிப்பெண் போச்சு.

எங்கள் நாலு பேரில் கம்ப்யூட்டர் இருந்தது என் கடையில்தான். அண்ணாச்சி என் தோளில் கை போட்டார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஏ ஆசீரு, நீ இத அடிச்சுக் குடுத்துட்டேன்னா, இந்தத் தடவ மேடையில ஒனக்கும் ஒரு எடம் உண்டு. நான் வாக்குக் குடுக்கேன்."

அண்ணாச்சியின் மருமகன் கிங்ஸ்லி பெங்களூரில் இருக்கிறார். அதற்கான சாஃப்ட்வேரை அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, போனில் பாடம் நடத்தினார். போனை ஸ்பீக்கரில் போட்டு நாலு பேரும் சுற்றி நின்றோம்.

"மாமா, கவனமா கேளுங்க. ஒரே வரியில நாலு குரல் வரைக்கும் எழுதலாம். மொதக் குரல் நீலம், ரெண்டாவது பச்சை, மூணாவது ஆரஞ்சு, நாலாவது ஊதா. நெறம் மாறாமப் பாத்துக்கோங்க. மாறுச்சுன்னா எல்லாம் கொழம்பிரும்."

"மாறாது மாப்ள" என்று அண்ணாச்சி உறுதி கொடுத்தார்.

மறுநாள் அக்கா நீலச் சேலையில் வந்தார். அண்ணாச்சி பச்சைச் சட்டை. செல்வசிங்குக்கு ஆரஞ்சு கிடைக்காததால் மகளுடைய ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் பனியனை மாட்டிக்கொண்டு வந்தார். அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. நிறம் மாறவில்லை என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் அடிக்க ஆரம்பித்தேன். நொட்டேஷனில் ரெஸ்ட் என்று ஒரு குறி உண்டு. அது இருக்கிற இடத்தில் அந்தக் குரல் பாடாமல் சும்மா இருக்க வேண்டும். பாட்டு நாலு தட்டுக்கு ஒரு கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு குரலுக்கு ஒரு சுரத்தைப் போட்டால் போதும், அந்தக் கட்டத்தின் மீதி இடத்தை மிஷின் தானாகவே ரெஸ்ட் போட்டு நிரப்பிவிடும். இது தெரியாமல் நான் கட்டத்துக்குக் கட்டம் நாலாம் குரலில் கை வைத்துவிட்டேன். தப்பு என்று தெரிந்ததும் சுரங்களை அழித்தேன். சுரம் போனது, ரெஸ்ட் போகவில்லை. பாட்டு முழுக்க ஊதா நிறத்தில் ரெஸ்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

கிங்ஸ்லியைக் கூப்பிட்டோம். "அது யாருக்கும் இல்லாத குரல் மாமா. அந்த ரெஸ்டை எல்லாம் மறைச்சு வச்சிருங்க, போதும். எனக்கு மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மறைப்பது என்ன பெரிய வேலையா? செல்வசிங் கடைக்கு ஓடிப்போய் விலை ஒட்டுகிற லேபிள் ரோலை எடுத்து வந்தார். மானிட்டரில் இருபத்துமூன்று ரெஸ்டுகளின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினோம். ஒன்றுகூடத் தெரியவில்லை. திருப்தியோடு நான் பக்கத்தைக் கீழே தள்ளினேன்.

"ஐயோ, எல்லாம் வெளிய வந்துட்டு!" என்று அலறினார் செல்வசிங்.

"பக்கத்த ஏன்டே தள்ளுன?" என்றார் அண்ணாச்சி. "தள்ளாம இருந்தா அது பாட்டுக்கு மறைஞ்சு கெடந்திருக்கும்லா?"

நியாயமான பேச்சு. மீதிப் பாட்டைப் பக்கத்தைத் தள்ளாமலே அடிக்க முயன்றேன். அது முடியாது என்பது மூன்றாம் நாள் எனக்கு விளங்கியது. விவரமானவன் நான்தான் என்று முதலிலேயே சொன்னேனே.

ஒரு வழியாக முடித்துப் பிரிண்ட் எடுத்தால், ஒட்டி மறைத்த ரெஸ்டுகள் அத்தனையும் தாளில் இருந்தன.

"நாம ஒட்டுனது முன்பக்கம்" என்று செல்வசிங் விளக்கினார். "பிரிண்டர் வயரு பின்பக்கமால்லா போகுது."

எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஆனால் அண்ணாச்சிக்கு வேறொரு கவலை. தாளை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் கறுப்பா இருக்கே. நீலம் எங்க, பச்ச எங்க?"

"நம்ம பிரிண்டர்ல கறுப்பு மைதான் அண்ணாச்சி."

"அப்போ கறுப்பு யாரு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் குழுவில் கறுப்புக் குரல் கிடையாது.

"வக்கீல் ஞானப்பிரகாசத்தக் கூப்பிடுவோமா?" என்றார் செல்வசிங். "அவருதான் கறுப்புக் கோட்டு போடுதாரு."

வக்கீல் வந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது லேசில் முடிகிற கேஸ் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் நான்தான் உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு குறிக்கும் வண்ணம் தீட்டினேன். ஊதாதான் சீக்கிரம் தீர்ந்தது.

அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சி கேட்டார்: "தாள்ல உள்ளத எல்லாம் செய்யணும்னு விதி. ஊதா முழுக்க ரெஸ்டு. இத யாரு செய்யது?"

"நாம மூணு பேரும் சேந்து செஞ்சிருவோம்" என்றார் செல்வசிங்.

"நாம சும்மா இருந்தா பாட்ட யாரு பாடுவா?" என்றார் அக்கா.

"பாடிக்கிட்டே சும்மா இருந்தா?"

அதையும் முயன்று பார்த்தார்கள். செல்வசிங்குக்கு விக்கல் வந்ததுதான் மிச்சம்.

அக்கா நெடுநேரம் யோசித்தார். "சும்மா இருக்கதுக்குன்னே தனியா ஒரு ஆளு வேணும். அதுல பழக்கம் உள்ள ஆளா இருக்கணும்."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வரிதான் கேட்டேன், முழுப் பாட்டும் கிடைத்துவிட்டது! வீட்டுக்கு ஓடிப்போய், "நாலாம் குரல் முழுக்க நான்தான்" என்றேன். செல்லக்கனி என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.

ஒத்திகையில்தான் அதன் கஷ்டம் தெரிந்தது. "தம்பி, ரெண்டாம் சரணத்துல ஒரு தட்டு முந்திச் சும்மா இருந்துட்டீங்க" என்பார் அக்கா. "சும்மா இருக்கதுல ஒரு உணர்ச்சி இல்லையே ஆசீரு, வார்த்தைய நெனச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்பார் அண்ணாச்சி. வீட்டிலும் விடாமல் பயிற்சி செய்தேன். செல்லக்கனி ஏதோ கேட்டபோது பதில் சொல்லாமல் தாளம் எண்ணிக்கொண்டிருந்ததால் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுடைய ரெஸ்ட் என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. பயந்துபோய்ச் சுக்குக் காப்பியாகக் குடித்தேன். "வாயைத் தொறக்காம நிக்கதுக்குத் தொண்ட எதுக்கு?" என்றாள் செல்லக்கனி. சங்கீதம் தெரியாதவளிடம் என்ன பேச?

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சேகர மண்டபத்தில் மேடை ஏறினோம். எனக்குத் தனி மைக் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊதாச் சட்டை, படிய வாரிய தலை. முன்வரிசையில் செல்லக்கனி.

பாட்டு ஆரம்பித்தது. அண்ணாச்சி வழக்கம்போல வேறு பக்கம் போனார். அக்கா மேலே போனதும் அந்த மண்டபத்துப் புறாக்களும் வெளியேறின. செல்வசிங் ஒரு சரணத்தையே விழுங்கிவிட்டு முதல் ஆளாக முடித்தார். நான் மட்டும் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூவரும் முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு முடியவில்லை. அடிக்கும்போது கை தவறிப் பாட்டின் கடைசியில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தேன். அதிலும் ஊதா ரெஸ்ட் இருந்தது. விதி விதிதானே? மைக்குக்கு முன்னால் தனியாக, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

நான் நின்ற நிலையைப் பார்த்து ஜெபம் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து தலை குனிந்தார். பின்னாலேயே மண்டபம் முழுக்க எழுந்தது, நடுவர்கள் உட்பட. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்த நான், என் பாட்டுக்குத்தான் எழுந்து நிற்கிறார்கள் என்று உருகிப் போனேன். உருக்கத்தில் தாளம் தளர்ந்தது. எட்டுத் தட்டு இரண்டு நிமிஷம் ஓடியது. முடித்துக் கும்பிட்டேன்.

"ஆமென்" என்றது மண்டபம்.

முடிவு சொன்னார்கள். முக்குழிவிளையின் முதல் குரலுக்கு நூற்றுக்கு ஏழு. இரண்டாம் குரலுக்கு ஐந்து. மூன்றாம் குரல், தாளில் உள்ள எதையும் பாடாததால், சைபர். நாலாம் குரல் தாளில் உள்ளபடி இம்மி பிசகவில்லை, நூற்றுக்கு நூறு.

கடைசிக்கு முந்தின இடம்! குழு பிழைத்தது. அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். செல்லக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டு நாளா இந்தக் கொரல எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் இல்லை.

மறு வாரமே குழு கூடியது. "ஒரு நாலாம் குரலுக்கே நூறுன்னா, நாலு பேரும் நாலாம் குரல் பாடுனா?" என்று அண்ணாச்சி கேட்டார். நானூறு என்று செல்வசிங் கணக்குச் சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இப்போது தினமும் சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. சொல்லிக் கொடுப்பது நான்தான். அண்ணாச்சி தேறிவிட்டார். அக்காவும் பரவாயில்லை, புறாக்கள் திரும்பி வந்துவிட்டன. செல்வசிங்குக்குத்தான் இன்னும் சுருதி சேரவில்லை.