டம்ளர் எழும்பும் நேரம்

மாசிலாமணிக்குத் தன் குருவை முதலில் பிடிக்கவே இல்லை. குருவுக்கு வயது இருபத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்தாறு. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஊரையே அதட்டியவர், இயன்முறை மருத்துவர் தாஹிரா சொன்னபடி டம்ளரைத் தூக்க வேண்டியிருந்தது. விதி யாரை விட்டது!

பக்கவாதம் வந்து ஒரு வருஷம். வலது கை மடியிலேயே கிடந்தது. அது பஸ் கம்பியைப் பிடித்தால்தான் மறுபடி வேலை. மருத்துவக் குழு சோதித்துப் பார்க்க இரண்டு மாதம்தான் இருந்தது.

அதற்காகவே நெஞ்சில் ஒரு சின்னக் கருவி பொருத்திக்கொண்டார். தாஹிரா பொத்தானை அழுத்தினால் அது கழுத்து நரம்பைத் தூண்டும்; கையின் அசைவை மூளை மறுபடி கற்றுக்கொள்ள அது உதவும். தொண்டை லேசாக அரிக்கும். வீட்டில் பயிற்சி தொடங்கும்போது கருவியை ஓடவிட ஒரு காந்தமும் கொடுத்திருந்தார்கள்.

"வீட்ல பயிற்சி செஞ்சீங்களா அண்ணாச்சி?"

"காந்தத்த நெஞ்சுல நாள் முழுக்கத் தேய்ச்சேம்மா. கூடக் கொஞ்சம் தூண்டிவிட்டா நல்லதுதான?"

"கை?"

"கை அது பாட்டுக்கு மடியில இருந்துச்சு. கருவி வேலை செய்யட்டும்னு விட்டுட்டேன்."

தாஹிரா திட்டவில்லை. டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் போயிற்று. தொண்டையில் ஒன்றும் அரிக்கவில்லை.

"அழுத்துங்கம்மா!"

"நீங்க ஆரம்பிங்க."

"வராத கைய வச்சுக்கிட்டு என்னத்த ஆரம்பிக்க?"

"காத்திருக்கேன் அண்ணாச்சி."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. பல்லைக் கடித்தார். தோள் அசைந்தது, முழங்கை நகர்ந்தது, விரல்கள் எப்படியோ டம்ளரைச் சுற்றின. தொண்டை அரித்தது. டம்ளர் மேஜையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி, நழுவித் தரையில் உருண்டது.

"மறுபடி," என்றாள் தாஹிரா.

முப்பது தடவை, நாற்பது தடவை. டம்ளர் விழாத தடவை ஒன்றுகூட இல்லை. தொண்டை அரிக்காத தடவையும் இல்லை. சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. மாசிலாமணிக்கு அழுகை முட்டியது.

"எல்லாத் தடவையும் கீழதான போட்டேன். அதுக்குப் போய் எதுக்கும்மா அழுத்துனீங்க?"

தாஹிரா குனிந்து டம்ளரை எடுத்தாள். மறுபடியும் அவர் முன்னால் வைத்தாள்.

"விழுந்தப்ப நான் அழுத்தல அண்ணாச்சி. நீங்க தூக்குனப்ப அழுத்துனேன்."