பாதிக் கூட்டுப் பாடகன்

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவிட்டுப் பாடும். பெண் குருவி வந்து கூட்டின் நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கிவிடும், பிறகு ஆண் குருவி மீதிக் கூட்டையும் கட்டி முடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும்.

பொன்னுரங்கம் என்ற குருவிக்கு நல்ல குரல். ஆரம்பத்தில் அவன் காதல் பாட்டுதான் பாடினான். நிலா குளிர்கிறது, காற்று இனிக்கிறது, வந்துவிடு என்று பாடினான். கேட்க நாதியில்லை. யாரையோ கூப்பிடுகிறான், நமக்கென்ன என்று தவளை தண்ணீருக்குள் போய்விட்டது.

ஒருநாள் ஒருத்தி வந்தாள். நாரை இழுத்தாள். அது அலகோடு வந்துவிட்டது. பறந்து போய்விட்டாள். அவள் அங்கே இருந்ததே ஒரு கொட்டாவி விடும் நேரம்தான்.

பொன்னுரங்கம் அதே மெட்டில், அதே நிலாவை வைத்து, பிரிவுப் பாட்டு ஒன்று பாடினான். இப்போது நிலா சுட்டது, காற்று கொன்றது. மற்றபடி மாற்றம் ஒன்றுமில்லை.

குளமே திரண்டுவிட்டது! தவளை தேம்பியது. அணில் கடித்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதது. அணில் அதுவரை யாரையும் காதலித்ததில்லை; ஆனாலும் தன் கதையைத்தான் பாடுகிறான் என்று சத்தியம் செய்தது. அன்றே ரசிகர் மன்றம் தொடங்கி, தானே செயலாளர் என்றும் அறிவித்துக்கொண்டது.

பிறகு பூங்காவனம் என்றொருத்தி வந்தாள். நாரை இழுத்துப் பார்த்தாள். இந்த முறை நார் தாங்கியது.

"கூடு நல்லாத்தான் இருக்கு. மழைக்கு முந்தி முடிச்சிடு. நான் முட்டை வைக்கணும்" என்றாள்.

பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவளை அவனுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அன்று மாலை மனம் நிறைந்து ஒரு காதல் பாட்டுப் பாடினான். ரசிகர்கள் நெளிந்தார்கள். பாதியிலேயே தவளை எழுந்து போனது. அணில் அவனைத் தனியாக அழைத்துப் போனது.

"நீங்க சந்தோஷமா இருந்தா எங்களுக்கு என்னண்ணே ஆகும்? காதல் பாட்டைக் கேக்க அவங்க ஒருத்தி போதும். பிரிவுப் பாட்டை அவங்களத் தவிர எல்லாரும் கேப்பாங்க. யோசிச்சுக்குங்க."

பொன்னுரங்கம் யோசித்தான். காதல் பாட்டு முடிந்தால் நார் கிழிக்கப் போக வேண்டும், களிமண் சுமக்க வேண்டும். பிரிவுப் பாட்டு முடிந்தால் இன்னொரு தரம் பாடச் சொல்வார்கள். அணில் சொன்னது அவனுக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

மறுநாள் முதல் மறுபடி பிரிவுப் பாட்டுதான். 'விட்டுப் போனாயே' என்று அவன் உருகும்போது, எங்கும் போகாத பூங்காவனம் பக்கத்து ஓலையில்தான் உட்கார்ந்திருப்பாள். ரசிகர்கள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று முறைப்பார்கள். நான் எங்கே போனேன் என்று அவள் கேட்டால், அதெல்லாம் கலை, நீ கண்டுகொள்ளாதே என்பான். கூடு என்னாயிற்று என்று கேட்டால் நாளைக்கு என்பான்.

வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

அடுத்த ஓலையில் காத்தமுத்து என்றொரு குருவி இருந்தான். அவன் பாடினால் எண்ணெய் காணாத கிணற்று உருளை ஞாபகம் வரும். அவனுக்குத் தெரிந்தது இரண்டே வரிப் பாட்டு. அதில் நிலாவே கிடையாது. ஆனால் கூடு காற்றில் ஆடாமலிருக்கப் பாதிக் கூட்டுக்குள்ளேயே ஈரக் களிமண்ணை அப்பி வைத்திருந்தான்.

ஒரு காலையில் பூங்காவனம் சிறகை விரித்தாள்.

"நீ பாடினபடியே நான் போறேன்" என்றாள். அடுத்த ஓலைக்குப் போய்விட்டாள்.

காத்தமுத்து பகலெல்லாம் நார் கிழித்து மூன்றே நாளில் கூட்டை முடித்தான். நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

பொன்னுரங்கம் தன் பாதிக் கூட்டில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் சாரல் அடித்தது. இப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே நெஞ்சு வெடித்தது. வாயைத் திறந்தான். மெட்டு வரவில்லை; நிலாவும் வரவில்லை. "பூங்காவனம்!" என்று மட்டும்தான் வந்தது.

அணில் பொந்திலிருந்து தலையை நீட்டியது.

"இதுல சோகமே இல்லியேண்ணே. பழசையே பாடுங்க. அதுவும் மழை விட்டப்புறம் பாடுங்க" என்று சொல்லி வாலை உள்ளே இழுத்துக்கொண்டது. தவளைக்கோ நேரமில்லை. அது குளத்தில் தன் ஜோடியைக் கூப்பிட்டுக் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

எதிர்க் கூட்டுக்குள் காத்தமுத்து அந்த இரண்டு வரியைக் கரகரவென்று பாடினான். உள்ளே ஒருத்தி மட்டும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே நனைந்தபடி பொன்னுரங்கமும் கேட்டான்.

ஊர் கைதட்டுகிறதே என்று இல்லாத பிரிவைப் பாடிக்கொண்டிருந்தால் பிரிவு வந்து சேரும், கைதட்டியவர்கள் வந்து சேர மாட்டார்கள்.