நிலம் வாயைத் திறக்கவில்லை

சாத்தனேரியில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவன் சிலம்பன், நடுவுள்ளவன் அய்யாவு, கடைசி தவசி. மூவருக்கும் பொதுவில் ரோட்டோரம் இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கூரை வீடு, ஒரு கன்றுக்குட்டி. மூளையும் பொதுதான். பாகம் பிரிக்காததால் அது யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

தவசிக்கு முப்பத்து நாலு வயது. பக்கத்து ஊர்ச் செங்கமலத்தை அவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்தது. அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "தளம் போட்ட வீட்டைக் கட்டுங்க, மறுநாளே கல்யாணம். அடுத்த தை தாண்டினா வேற இடம் பாத்துடுவேன்."

ஒரு ஏக்கரை விற்றால் வீடு எழும்பிவிடும். ரைஸ்மில் சொக்கலிங்கம் இருபது லட்சத்துக்குக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் சிலம்பன், "எதுக்கும் ஒரு படிச்சவரைக் கேட்டுக்குவோம்" என்றான்.

டவுனில் ரகோத்தமன் என்று ஒரு பொருளாதார நிபுணர். வீடு, மனை, நிலம், எதன் விலையையும் ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லிவிடுவார். சொன்னது ஏன் நடக்கவில்லை என்பதை ஒரு வருஷம் கழித்து இன்னும் அழகாகச் சொல்வார். டிவிக்காரர்கள் அவரை இரண்டு தடவையும் கூப்பிடுவார்கள்.

அவர் கோடு கோடாக ஒரு படம் போட்டார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'மற்றவை யாவும் மாறாதிருந்தால், ஓராண்டில் இந்நிலத்தின் விலை இரு மடங்காகும்.'

"அப்ப ரெண்டு மாடி கட்டலாம்ணே!" என்றான் தவசி.

"முதல் வரியைப் படிடா," என்றான் அய்யாவு. "மத்ததெல்லாம் மாறாம இருக்கணுமாம். இவரு சொன்னது எவனுக்குமே பலிக்கலைன்னு ஊரே பேசுதே, ஏன் பலிக்கும்? ஒரு பயலாவது அந்த வரிப்படி நடந்திருக்கானா?"

"நாம நடப்போம்," என்றான் சிலம்பன்.

அன்றிலிருந்து சாத்தனேரியில் அவர்களுடைய எதுவும் மாறவில்லை. வாரம் ஒரு முறை சிலம்பன் நூல் வைத்து மூவர் தாடியையும் அளந்து, வளர்ந்ததை மட்டும் வெட்டுவான். கூரையில் நாலு ஓட்டை இருந்தது. அடைக்கவில்லை. மழையில் ஐந்தாவது விழுந்ததும் மூவரும் பதறிப்போய் அதை மட்டும் அடைத்துவிட்டு, பழைய நாலின் கீழே நிம்மதியாக நனைந்தார்கள்.

கன்றுக்குட்டிதான் சொன்ன பேச்சு கேட்காமல் வளர்ந்தது. அதனால் மாதா மாதம் அதைப் பக்கத்து ஊரில் கொடுத்துவிட்டு, பழைய அளவில் ஒரு சின்னக் கன்றை வாங்கி வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

நிபுணர் எழுதிக் கொடுத்த அன்று நிலத்தில் சோளம் முற்றி நின்றது. ஆகவே அறுக்கவில்லை. குருவிகளுக்கு மட்டும் யாரும் அந்தத் தாளைப் படித்துக் காட்டவில்லை.

ஆடியில் கிணற்று மோட்டார் நின்றது. திண்டாட்டம் அப்போதுதான்.

"ஓடுன மோட்டார் நின்னா அது மாத்தம்தானே? சரி பண்ணிடுவோம்," என்றான் தவசி.

"சரி பண்ணினா உள்ள புதுக் காயில் கம்பி சுத்தணும். அன்னைக்குப் புதுக் காயிலா இருந்துச்சு?" என்றான் அய்யாவு.

"பழைய காயில்தான்."

"அதை எந்தக் கடையில விப்பான், சொல்லு."

யோசித்து முடிப்பதற்குள் கிணறு தூர்ந்துவிட்டது.

ஐப்பசியில் செங்கமலமே நேரில் வந்தாள். "எங்கப்பாவை நான் சம்மதிக்க வைக்கிறேன். கூரை வீடே போதும், வந்து தாலியைக் கட்டுங்க."

தவசி சட்டையைத் தேடி ஓடினான். அய்யாவு மறித்தான். "கூறு இருக்காடா? மூணு பேர் இருக்கிற வீட்டுல நாலு பேரா? விலை என்னத்துக்கு ஆகும்?"

"தை வரைக்கும் பொறு செங்கமலம்," என்றான் தவசி. "ரெண்டு மாடி."

அவள் வானத்தைப் பார்த்தாள். கூரை வழியே நன்றாகத் தெரிந்தது.

தை கடைசி நாள். சொக்கலிங்கம் வந்தார். நிலத்தில் மண்டிய கருவேல முள்ளையும் தூர்ந்த கிணற்றையும் பார்த்துவிட்டு, "ஏக்கர் பத்து லட்சம். அதுவும் பழகின தோஷத்துக்கு" என்றார். செங்கமலம் முடிவு கேட்க வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். நிபுணரையும் வரவழைத்திருந்தார்கள். அவர் பஸ்ஸில் வந்தார். கார் விலை இறங்கும் என்று அவரே எட்டு வருஷமாகச் சொல்லிவருகிறார்.

அவர் தாளைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். "என் கணிப்பில் பிழையே இல்லை. விலைதான் தவறாக நடந்துகொண்டிருக்கிறது."

மூவருக்கும் வெட்கமாகிப்போனது. வீட்டுக்கு வந்த பெரிய மனிதரை அவர்கள் நிலம் இப்படி அவமானப்படுத்திவிட்டதே! அங்கேயே விசாரணை வைத்தார்கள்.

"ஐயா சொல்லியும் ஏன் ஏறலை?" என்று சிலம்பன் நிலத்தைப் பார்த்து மூன்று தரம் கேட்டான். நிலம் வாயைத் திறக்கவில்லை.

"திமிரைப் பாருண்ணே," என்றான் அய்யாவு.

குற்றம் உறுதியானது. அபராதமாக, ரோட்டோரம் பத்து சென்டை நிலத்திலிருந்து வெட்டி நிபுணருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மீதி நிலத்தை இன்னும் ஒரு வருஷம் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அவர் தன் பத்து சென்டை அந்த இடத்திலேயே சொக்கலிங்கத்திடம் விற்றார். பணத்தை எண்ணிப் பையில் போட்டார். டவுன் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

செங்கமலமும், "சரி, நானும் வர்றேன்" என்று அதே பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் கிளம்பியதும் தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். "நிறுத்து! நிறுத்து!"

பின் ஜன்னலில் செங்கமலம் எட்டிப் பார்த்தாள். ஒரு வருஷமாகப் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. "கண்டக்டரே, விசில் குடுங்க!" என்று கத்தினாள். பஸ் நின்றது.

தவசி அவள் ஜன்னலைத் தாண்டி, முன் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர்.

"ஐயா, அவசரப்பட்டு வித்துட்டீங்களே! ஒரு வருஷம் பொறுத்திருந்தா ரெண்டு மடங்காயிருக்குமே! எங்களால உங்களுக்கு நஷ்டம் வரக் கூடாது. இன்னொரு பத்து சென்ட் தர்றோம், இதையாவது விக்காம வெச்சுக்குங்க."

நிபுணர் மறுக்கவில்லை. பின் ஜன்னல் சாத்திக்கொண்டது. பஸ் போய்விட்டது.

தவசி தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்து அண்ணன்களிடம் சொன்னான்:

"பாவம்ணே, நல்ல மனுஷன். ஆனா நிலத்து விலையைப் பத்தி அவருக்கு ஒண்ணுமே தெரியலை."