கேமரா பக்கத்து ஆள்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்புகிற வயதாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. டான்ஸ் மாஸ்டர் ரெஜினாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவருடைய அசிஸ்டண்ட் தணிகாசலத்துக்கு நாற்பத்தாறு. குரு சீடனை "அண்ணே" என்று கூப்பிடுவார். சீடன் குருவை "மாஸ்டர்" என்று கூப்பிடுவார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

தணிகாசலத்தின் வேலை என்னவென்று படம் பார்க்கிற யாருக்கும் தெரியாது. பாட்டு எடுக்கும்போது கேமராவுக்குப் பக்கத்தில், லென்ஸில் விழாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, நடிகர்கள் ஆட வேண்டியதை அவரும் ஆடுவார். அவரைப் பார்த்து அவர்கள் ஆடுவார்கள். அவர்கள் வலது கையைத் தூக்க வேண்டுமென்றால் எதிரில் நிற்கிற இவர் இடது கையைத் தூக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் இப்படி இடம் வலம் மாற்றியே ஆடினால் மனுஷன் என்ன ஆவான்? அக்கா மகள் கல்யாணத்தில் எல்லாரோடும் சேர்ந்து ஆடப் போனார். கூட்டம் ஒரு பக்கம் போக, இவர் மட்டும் எதிர்ப்பக்கம் போய்ப் பந்தல்காலில் முட்டிக்கொண்டார். "இவர்தான் சினிமாக்காரங்களுக்கே டான்ஸ் சொல்லிக் குடுக்கிறாராம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள்.

அந்தத் தணிகாசலத்துக்கு ஒரு பாட்டு கிடைத்தது.

குடும்பப் படம். கடைக்குட்டிப் பெண் கல்யாணமாகித் தலைதீபாவளிக்குப் புருஷனோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அப்பா, அம்மா, இரண்டு அண்ணன், இரண்டு அண்ணி, பெண், மாப்பிள்ளை என்று எட்டுப் பேரும் கூடத்தில் பலகாரச் சட்டியைச் சுற்றி ஆடுகிற துள்ளல் பாட்டு.

"இந்தப் பாட்டை நீங்களே பண்ணுங்கண்ணே. டைட்டில்ல நடனம்னு உங்க பேர் வரட்டும். நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றார் ரெஜினா மாஸ்டர்.

அன்றைக்குத் தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மூன்று நாள் ஷூட்டிங். இரண்டு நாள் முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் டைரக்டர் அதுவரை எடுத்ததை மானிட்டரில் போட்டுக் காட்டினார்.

"ஒரு தப்பும் இல்ல சார்" என்றார் டைரக்டர். "ஆனா பார்த்தா குடும்பம் மாதிரி தெரியல. ஸ்கூல்ல டிரில் எடுக்கிற மாதிரி இருக்கு."

"ஸ்டெப்பை இன்னும் கொஞ்சம் வேகமா வைக்கட்டுமா சார்?"

"வேகமெல்லாம் சரியாத்தான் இருக்கு. என்ன கொறையுதுன்னு எனக்கே சொல்லத் தெரியல." டைரக்டர் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். "கடைசிப் பல்லவி பாக்கி இருக்கு. எட்டுப் பேரும் ஒரே ஷாட்ல. அதுல உயிர் வந்துச்சுன்னா பாட்டை வச்சுக்கறேன். இல்லேன்னா துண்டு துண்டா வெட்டி டயலாக்குக்குப் பின்னால ஓட விட்டுடுவேன். நாளைக்குக் காலைல செட்டைப் பிரிக்கிறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

வெட்டி ஓடவிட்ட பாட்டுக்கு டைட்டிலில் பேர் வருமா என்று தணிகாசலம் கேட்கவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் அப்போது நினைத்தார்.

இன்னொரு கவலையும் இருந்தது. அம்மா வேஷம் போட்டிருந்தவர் பத்மாசனி அம்மாள். அறுபத்தெட்டு வயது. நல்ல நடிகை. ஆனால் இப்போதெல்லாம் ஸ்டெப் மனதில் நிற்பதில்லை. சொல்லிக் கொடுத்த கையோடு மறந்துவிடும். முதல் நாளே தணிகாசலத்தை ஓரமாக அழைத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ என் கண்ணுல படுற மாதிரி நில்லு. உன்னைப் பார்த்தா ஆடிடுவேன். எனக்கு ஞாபகம் தப்புதுன்னு வெளில தெரிஞ்சா அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

"நான் இருக்கேன்மா. நீங்க கவலைப்படாதீங்க" என்று தணிகாசலம் வாக்குக் கொடுத்திருந்தார்.

கடைசிப் பல்லவிக்கு ரிகர்சல் முடிந்தது. டேக் போனார்கள். எட்டுப் பேரும் அச்சுப் பிசகாமல் ஆடினார்கள். டைரக்டர் "ஒன் மோர்" என்றார். மறுபடி ஆடினார்கள். மறுபடி "ஒன் மோர்." மூன்றாவது டேக் முடிந்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தணிகாசலத்துக்கு.

ரெஜினா மாஸ்டர் சொன்னபடியே மூன்று நாளும் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் அவரிடம் போய் நின்றார்.

"எங்க கொறைன்னு சொல்லுங்க மாஸ்டர்."

"எட்டுப் பேரும் கண்ணை எடுக்காமப் பார்த்துக்கிட்டே ஆடினாங்களே."

"எதை?"

"உங்களை."

தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. மாஸ்டர் வாயால் பாராட்டு வாங்குவது லேசான காரியமில்லை.

"என்னைப் பார்க்காம அவங்களால எப்படி மாஸ்டர் ஆட முடியும்?" என்றார் அடக்கமாக.

ரெஜினா செட்டைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, கேன்டீன்ல ஒரு டீ வாங்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"அடுத்த டேக்குக்கு லைட் ரெடி பண்றாங்களே மாஸ்டர். முடிச்சிட்டு வாங்கிட்டு வரேன்."

"டேக் போகும்போது வாங்கிட்டு வாங்க."

தணிகாசலத்தின் முகம் சுண்டிவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில் பாட்டைப் பிடுங்கிக்கொள்ளாமல், கௌரவமாக வெளியே அனுப்புகிறார் என்று நினைத்தார்.

"பாட்டை நீங்க எடுத்துக்கறீங்களா மாஸ்டர்?"

"நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கப் போறதில்ல. டீ கேட்டேன், அவ்வளவுதான்."

தணிகாசலம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பத்மாசனி அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மாஸ்டர். நான் அங்க இல்லேன்னா நடுவுல நின்னுடுவாங்க. டைரக்டர் பார்ப்பாரு. எல்லாரும் பார்ப்பாங்க. அவங்க பொழப்பே போயிடும்."

"நிப்பாங்கதான்" என்றார் ரெஜினா.

"தெரிஞ்சேவா போகச் சொல்றீங்க?"

"என் மேல நம்பிக்கை இருக்காண்ணே?"

இந்தக் கேள்விக்குத் தணிகாசலத்தால் இல்லை என்று சொல்ல முடியாது. பழைய மாஸ்டர் தொழிலை விட்டபோது, வயசாகிவிட்டது என்று இவரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. எட்டு மாதம் வீட்டில் கிடந்தார். அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்த ரெஜினா வீடு தேடி வந்து, "எனக்கு எட்டு எண்ணினா பத்து வருதுண்ணே, கூட இருந்து எண்ணிக் குடுங்க" என்றார். ரெஜினாவுக்கு எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. தணிகாசலத்துக்கு அது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இருவரும் அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

தணிகாசலம் கிளம்பினார். பத்மாசனி அம்மாளின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் லைட்டுகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார். நம்பினவரைக் காலை வாரிவிட்டுப் போகிறோம் என்று மனசு குத்தியது.

வெளியே வந்ததும் பெரிய கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தது. அது எரியும்போது யாரும் கதவைத் தொடக் கூடாது. கேன்டீன் இருபதடி தூரம்தான். தணிகாசலம் ஓரடிகூட நகரவில்லை.

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அவருடைய கால் தானாகக் கணக்குப் போட்டது. முதல் எட்டு எண்ணிக்கை. இரண்டாம் எட்டு. மூன்றாவது எட்டில்தான் பத்மாசனி அம்மாளுக்கு எப்போதும் மறக்கும். இரண்டு சுற்று, மூன்று கைதட்டு, அப்புறம் இடது பக்கம் திரும்ப வேண்டும். தணிகாசலம் வெட்டவெளியில், மூடின கதவைப் பார்த்து மூன்று தடவை கைதட்டி, தன் வலது பக்கம் திரும்பினார்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் சிரிப்பில்லை, பலர் சிரிப்பு.

பத்மாசனி அம்மாள் நடுவில் நின்றுவிட்டார் போல. எல்லாரும் சிரிக்கிறார்கள். தணிகாசலம் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். சிவப்பு பல்பைப் பார்த்தார். கையை எடுத்தார். கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா" என்று கதவிடம் சொன்னார்.

பாட்டு முடிந்தும் "கட்" வரவில்லை. நாலைந்து விநாடி கழித்துத்தான் வந்தது. பல்பு அணைந்ததும் உள்ளே ஓடினார்.

அவரை யாரும் கவனிக்கவில்லை. எட்டுப் பேரும் கும்பலாக நின்று ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பத்மாசனி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் தணிகாசலத்தைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் மானிட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"பாருங்க சார்."

பார்த்தார். பாட்டு தொடங்கியதும் எட்டு ஜோடிக் கண்களும் கேமராவுக்குப் பக்கத்தில், அவர் நிற்கிற இடத்துக்கு வந்தன. அங்கே யாருமில்லை. பெரிய அண்ணனாக நடித்தவர் தப்பான பக்கம் போய்ப் பெண்டாட்டியை இடித்தார். அவள் தோளைப் பிடித்துத் தள்ளி அவரைச் சரியான இடத்தில் நிறுத்தினாள். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்து ஆடினார். மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்து ஆடினார். இருவருக்குமே ஸ்டெப் தெரியவில்லை.

பத்மாசனி அம்மாள் இரண்டு சுற்று சுற்றினார். மூன்று தடவை கை தட்டினார். நின்றார்.

அவருடைய கண்கள் தணிகாசலத்தைத் தேடின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த நான்கு எண்ணிக்கையும் அவர் முகத்தில் பயம் ஏறிக்கொண்டே வந்தது. மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தின் கை தன்னையறியாமல் மேலே போயிற்று.

அப்போது மகளாக நடித்தவள் பின்னாலிருந்து வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தோளில் மோவாயை வைத்து, அப்படியே அவரையும் இழுத்துக்கொண்டு திரும்பினாள். அவளுக்கும் ஸ்டெப் மறந்துவிட்டது என்று நன்றாகவே தெரிந்தது. பத்மாசனி அம்மாள் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அப்பாவாக நடித்தவர் ஊடே புகுந்து, யாரும் சொல்லிக் கொடுக்காத எதையோ ஆடினார். பாட்டு நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

தணிகாசலம் போட்டுக் கொடுத்த ஸ்டெப்பில் பாதிதான் அதில் இருந்தது. இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"மத்தியானம் முதல் பல்லவியையும் இப்படியே எடுத்துடலாம் சார்" என்றார் டைரக்டர். "பாட்டு முழுசா இருக்கும். உங்க பேரும் இருக்கும்."

பத்மாசனி அம்மாள் மெதுவாக நடந்து வந்தார்.

"எங்கப்பா போயிட்ட? உன்னைத் தேடினேன்."

"டீ வாங்கப் போனேம்மா."

அவர் தணிகாசலத்தின் வெறுங்கையைப் பார்த்தார்.

"ரொம்பப் பயந்துட்டேன் தம்பி. அதுக்குள்ள அந்தப் பொண்ணு வந்து பிடிச்சுக்கிட்டா." அவள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "மூணு நாளா கூட ஆடறேன். அவ சிரிச்சா கன்னத்துல குழி விழும்னு இன்னிக்குத்தான் பார்த்தேன்."

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். செட்டில் கூட்டம் குறைந்ததும் தணிகாசலம் ரெஜினா மாஸ்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ உறுத்தியது. அதைக் கேட்காமல் சாப்பாடு இறங்காது போலிருந்தது.

"மாஸ்டர், பாட்டு நல்லா வந்ததுக்குக் காரணம் நான் அங்க இல்லாததுதானே?"

"ஆமாண்ணே."

"அப்ப பத்தொம்பது வருஷமா நான் அங்க நின்னதெல்லாம் வீணா?"

ரெஜினா நாற்காலியை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"மூணு நாள்ல நான் எத்தனை தடவை வெளில எந்திரிச்சுப் போனேன்னு தெரியுமாண்ணே?"

தணிகாசலம் யோசித்தார். "தெரியலையே மாஸ்டர். கவனிக்கல."

"யாருமே கவனிக்கல. நீங்க ஒரு தடவை போனதும் எட்டுப் பேரும் தேடினாங்க. அங்க நின்ன ஆளாலதானே அண்ணே அங்கேருந்து போக முடியும்?"