நாளைப் பத்திரிகையை இன்று பிரிக்கக் கூடாது

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். புத்தி விஷயத்தில் ஊரே அப்படித்தான் என்பதால் அவர்களைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இவர்கள் கப்பலேறிப் போய் ஊர்ப் பெயரைக் கடல் தாண்டியும் கெடுத்தவர்கள்.

பினாங்கு முருகன் கோயிலில் தைப்பூசத்துக்கு வாசிக்க அழைப்பு வந்திருந்தது. மூத்தவர் அய்யாக்கண்ணு நாயனம். இரண்டாமவர் சிங்காரம் தவில். கடைக்குட்டி பக்கிரி ஒத்து, அதாவது அண்ணன் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை விடாமல் ஊத வேண்டியவன். இருபது வருஷமாக அதையேதான் ஊதினான். இந்தத் தடவை அண்ணன் மனம் இரங்கி, "தேரன்னிக்கு ஒரு உருப்படி, முழுசா ஒரு கீர்த்தனை, நாயனத்துல நீ வாசிடா" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பக்கிரி கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தான்.

அடுத்த கப்பலில், தங்கை புருஷன் கோதண்டம் ஊர்ப் பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டி அனுப்பியிருந்தார். இவர்கள் கப்பலேறிய மறுநாள் தொடங்கிப் பதினாலு நாள் பத்திரிகை. கூடவே கடிதம்: 'தினம் ஒன்றாக, தேதி வரிசையில் படிக்கவும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்த்துவிட்டால் அப்புறம் ஈ ஓட்ட வேண்டியதுதான்.'

மாப்பிள்ளை சொல்லைத் தட்டலாமா? தினம் காலையில் குளித்து, கட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவி, சிங்காரம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். 'இன்று ஏகாதசி' என்று போட்டிருந்தால் மூவரும் பட்டினி. நான்கு நாள் கழித்துப் பினாங்குக் கோயிலிலும் ஏகாதசி என்றார்கள், மறுபடியும் பட்டினி. 'அடைமழை' என்று படித்த அன்று, மண்டை பிளக்கும் வெயிலில் குடையோடு போய், கொடியில் காய்ந்த வேட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

தேருக்கு முதல்நாள் ஒன்பதாவது பத்திரிகை. படித்துக்கொண்டே வந்த சிங்காரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, நம்ம கப்பல் முழுகிடுச்சாம். நாயனக்காரங்க மூணு பேரும் போயிட்டாங்கன்னு போட்டிருக்கு."

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு."

அய்யாக்கண்ணு விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "மூணு வாரமா ஒருத்தரும் நம்மகிட்ட சொல்லலையே" என்றார் வருத்தமாக.

பக்கிரிக்கு அழுகை வரவில்லை. நாளைய உருப்படிதான் நினைவுக்கு வந்தது. பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு, கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. இங்கே கூடப்பிறந்தவர்களே இரண்டு பேர் போயிருக்கிறார்கள்.

"அண்ணே, மூணு வாரம் ஆச்சுன்னா பதினாறு நாள் தாண்டிடுச்சே. தீட்டு போயிருக்குமே?"

"கருமாதி ஆகாம தீட்டு எப்படிடா போகும்?"

"ஊர்ல பண்ணியிருப்பாங்க."

"நமக்குச் சொல்லாமலா பண்ணுவாங்க? அவ்வளவு மட்டு மரியாதை இல்லாதவங்களா நம்ம ஜனங்க?"

பக்கிரி தன் மூளையைத் தானே நொந்துகொண்டு இன்னொரு வழி தேடினான். "நாளைப் பத்திரிகையில ஏதாவது மாத்திப் போட்டிருக்கானான்னு பிரிச்சுப் பார்ப்போமே."

"நாளைக்குள்ளதை இன்னிக்கே படிக்கிறதா? மாப்பிள்ளை என்ன எழுதியிருக்கார்?"

அய்யாக்கண்ணு பத்திரிகைக் கட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தார். மூவரும் தலைமுழுகக் குளத்துக்குப் போனார்கள். பக்கிரி இரண்டு முழுக்குப் போட்டுவிட்டு ஏறினான்.

"மூணுடா. நீயும்தானே செத்திருக்கே" என்றார் அய்யாக்கண்ணு.

"செத்தவன் தனக்குத்தானே முழுகலாமா அண்ணே?"

ஈர வேட்டியோடு மூவரும் படித்துறையில் நின்று இதை வழக்காடினார்கள்.

அப்போது கோயில் மணியக்காரர் நாகலிங்கம் வந்து, மறுநாள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டார்.

"வர்றதுக்கில்லைங்க. எங்க வீட்டுல மூணு சாவு" என்றார் அய்யாக்கண்ணு.

"அடடா, யாரு?"

"நாங்கதான்."

மணியக்காரர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்களேய்யா."

"அதுதான் எங்களுக்கும் விளங்கலை. ஆனா அச்சுல போட்டிருக்கே."

"காலையில வர்றதா இருந்தா வாங்க. இல்லேன்னா வேற மேளம் சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். பக்கிரி அன்று ராத்திரி அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்தான்.

விடிந்ததும் முதல் ஆளாகக் குளித்துவிட்டு உட்கார்ந்தான். பத்தாவது பத்திரிகையை சிங்காரம் பிரித்தார். 'நேற்றைய செய்தி தவறு. கப்பல் பினாங்கு சேர்ந்ததாகத் தந்தி வந்தது. நாயனக்காரர் மூவரும் நலம்.'

"பொழைச்சோம்டா" என்று அய்யாக்கண்ணு தம்பிகளைக் கட்டிக்கொண்டார். பக்கிரி ஓவென்று அழுதான்.

தேர் புறப்பட்டது. சொன்ன சொல் தவறாமல் அண்ணன் நாயனத்தைப் பக்கிரியிடம் கொடுத்துவிட்டு, ஒத்தைத் தான் வாங்கிக்கொண்டார். பக்கிரி கண்ணை மூடி ஊதினான். இருபது வருஷமாகப் பழகிய அந்த ஒரே சுரம் வந்தது. விரலை நகர்த்தினால் அது போய்விடுமோ என்று பயந்து நான்கு வீதியும் அதையே ஊதினான். அண்ணன் ஒத்தில் அதே சுரத்தைப் பிடித்தார். பக்கிரி தன் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

தேர் நிலைக்கு வந்ததும் மணியக்காரர் காதைக் குடைந்துகொண்டே வந்தார். "என்னப்பா, உருப்படி வாசிக்கப் போறேன்னியே, எங்கே வாசிச்சே?"

பக்கிரி நாயனத்தைப் பயபக்தியோடு துணியில் சுற்றினான்.

"நீங்க சொல்றதை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாதுங்க" என்றான். "வாசிச்சேனா இல்லையான்னு ஊர்ப் பத்திரிகை வரட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்."