மதகுச் சாவிக்கு ஒரு ஜோடி

கோணக்குட்டை ஏரிச் சங்கத்துக்குத் தலைவராகிறவர் மதகுச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம். அதைத் தவிர அந்தப் பதவியில் வேறு சுகம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஐம்பத்து நான்கு வயதில் உருமநாதனுக்கு அந்தச் சாவிமேல் ஆசை வந்துவிட்டது. முன்னாலும் வந்ததுதான். ‘அதற்கு நாம் தகுதியான ஆள்தானா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததில் இரண்டு தேர்தல் முடிந்துபோயிருந்தது.

இந்த முறை எதிரே நிற்பவர் கோட்டைச்சாமி. அவர் பேச எழுந்தால் ஆடுகூட மேய்வதை நிறுத்திவிட்டுக் கேட்கும். அவர் ஜெயித்த மாதிரிதான் என்று ஊரே சொன்னது.

உருமநாதனும் அவர் பக்கத்து ஆட்களான மாரநாடும் வெள்ளையம்மாளும் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவரிடம் யோசனை கேட்கப் போனார்கள். அவர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: “தலைவர், துணைத்தலைவர் ரெண்டு பேரும் ஜோடியா நிக்கணும். தலைவர்கிட்ட எதெல்லாம் இல்லையோ, அதெல்லாம் உள்ள ஆளாப் பாத்துத் துணைக்குப் போடுங்க. ஜோடி பலமாயிரும்.”

ஊர் திரும்பியதும் உருமநாதனை நடுவில் உட்காரவைத்து, அவரிடம் எதெல்லாம் இல்லை என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள்.

“எருமை இல்லை,” என்றார் மாரநாடு.

“கீழ்வரிசையில ரெண்டு பல்லு இல்லை,” என்றாள் வெள்ளையம்மாள். “அண்ணே, வாயைத் திறங்க. மூணு.”

“பேச்சு வராது. நாலு பேரைப் பாத்தா வேர்த்துரும்.”

“தைரியம்?”

“அதையும் எழுது.”

“முடிவெடுக்கிற புத்தி?”

“அது இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலையேம்மா,” என்றார் உருமநாதன்.

“அப்ப இல்லை,” என்று எழுதிக்கொண்டாள்.

மூன்று பக்கம் நிறைந்தது. உருமநாதனுக்கு வருத்தமில்லை. தான் முப்பது வருஷமாகத் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்ததையெல்லாம் இவர்கள் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார்களே என்று மலைப்பாகத்தான் இருந்தது.

நோட்டோடு வீடு வீடாகப் போனார்கள். எருமை இருந்த வீட்டில் பேச்சு இல்லை. பேச்சு இருந்த வீட்டில் பல் இல்லை. எல்லோரையும் வாயைத் திறக்கச் சொன்னதில், பல் டாக்டர் வந்திருக்கிறார் என்று நினைத்து ஏழு பேர் பின்னாலேயே வந்தார்கள். மூன்று பக்கமும் பொருந்திய ஆள் ஊரில் ஒருவர்தான் இருந்தார். கோட்டைச்சாமி.

“அவரு நமக்கு எதிராளியாச்சே?” என்றார் மாரநாடு.

“எதிராளியைப் போடக் கூடாதுன்னு மனு எழுதுறவரு சொன்னாரா?” என்றாள் வெள்ளையம்மாள்.

சொல்லவில்லை. எதிராளியிடமே போய்த் துணைக்கு நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். நோட்டைக் கடைசி வரி வரைக்கும் படித்த கோட்டைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவ்வளவும் இல்லாம இத்தனை வருசம் எப்படிண்ணே காலம் தள்ளுனீங்க?” என்று உடனே கையெழுத்துப் போட்டார். “காலையில எனக்காகப் பேசுறேன். சாயங்காலம் உங்களுக்காகப் பேசுறேன்.”

சங்க விதிப் புத்தகத்தில் இதற்குத் தடை இல்லை. இப்படியும் செய்வார்கள் என்று அதை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

காலையில் கோட்டைச்சாமி முழங்குவார்: “உருமநாதண்ணன் நல்ல மனுசன். ஆனா மதகைத் திறக்கலாமா வேணாமான்னு அவரு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பயிரு காஞ்சுரும்!”

சாயங்காலம் அதே இடத்தில் முழங்குவார்: “எதையும் பத்துத் தடவை யோசிக்கிறவருகிட்டச் சாவி இருந்தா, ஏரித் தண்ணி ஒரு சொட்டு வீணாப் போகுமா?”

இரண்டுக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர் உருமநாதன். சாயங்காலம் கேட்கும்போது தன்மேலேயே மரியாதை வந்தது. காலையில் கேட்கும்போது பயிரை நினைத்துப் பயம் வந்தது.

ஓட்டுப் போடுவதைக் காலையில் வைத்துவிட்டார்கள்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உருமநாதன் வெகுநேரம் நின்றார். மூன்று பக்கம் இல்லாத ஒரு ஆளிடம் ஊர்த் தண்ணீரை ஒப்படைப்பது நியாயமா? ஆயுளில் முதல்முறையாகச் சட்டென்று ஒரு முடிவெடுத்து, கோட்டைச்சாமி பெயருக்கு நேரே முத்திரையைக் குத்தினார்.

மொத்தம் நாற்பத்தொரு ஓட்டு. கோட்டைச்சாமிக்கு இருபத்தொன்று, உருமநாதனுக்கு இருபது.

சாவியை இடுப்பில் தொங்கவிட்டபடி கோட்டைச்சாமி ஆத்திரமாக வந்தார். “உங்களுக்குத் துணைன்னு கையெழுத்துப் போட்டவன் நான். என் ஓட்டையே உங்களுக்குத்தாண்ணே போட்டேன்! எப்படித் தோத்தீங்க?”

“எதிராளியே நமக்குப் போட்டிருக்காரு,” என்றாள் வெள்ளையம்மாள். “அப்ப நம்ம பக்கத்துல ஒரு துரோகி இருக்கான். விசாரிக்கணும்.”

தோற்றவருக்குத்தான் வலி தெரியும் என்று விசாரணைக்கு உருமநாதனையே தலைவராகப் போட்டார்கள். துணைக்கு, நோட்டைப் புரட்டிப் பார்த்து, கோட்டைச்சாமி.

“முதல்ல நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு எழுதிக்கவாண்ணே?” என்று கேட்டார் கோட்டைச்சாமி.

“நான் விசாரிக்கிறவன்ப்பா. என்னையே விசாரிச்சா, அப்புறம் விசாரிக்கிறதுக்கு யாரு இருக்கா?”

“அதுவும் சரிதான்,” என்று சாவியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கோட்டைச்சாமி முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பின்னால் நின்ற உருமநாதனுக்கு ஒரே கவலை. ‘இந்தத் துரோகியைக் கண்டுபிடிக்க நாம் தகுதியான ஆள்தானா?’